எல்லைக் கடையின் நேரம் யாருடையது? பாலக்காடு, இடுக்கி எல்லையோரச் சிறுவணிகரின் உழைப்பும் ஓய்வும்

1. கேள்வியும் இருக்கும் விடைகளும்

சிறுவணிகரின் வேலை நேரம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு நம்பிக்கையில் தொடங்குகிறது. சம்பளக்காரரின் நேரத்தை முதலாளி வகுக்கிறார், சொந்தக் கடை வைத்திருப்பவர் தம் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்கிறார் என்பதே அது. அப்படியானால் ஒருவர் விடிவதற்கு முன் கடை திறந்து ஊரடங்கிய பின் சாத்துவது அவருடைய விருப்பம், அல்லது திட்டமிடத் தெரியாத குறை. பொறுப்பைப் பகிர்ந்து கொடுங்கள், இரவில் கைப்பேசியை அணைத்து வையுங்கள், குடும்பத்துக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று மேலாண்மைப் பயிற்சிகள் தரும் அறிவுரை எல்லாம் இந்த நம்பிக்கையின் மேல் நிற்பதுதான்.

ருஷ்யப் பொருளியலாளர் அலெக்சாண்டர் சயானவ் 1920களில் வேறொரு விடை சொன்னார். கூலியாள் வைக்காத குடும்பப் பண்ணை முதலாளித்துவ நிறுவனத்தைப்போல லாபக் கணக்குப் போடுவதில்லை. வீட்டில் நிரம்ப வேண்டிய வயிறுகளையும் உடம்பில் ஏறும் களைப்பையும் ஒன்றுக்கெதிராய் ஒன்று வைத்து, இரண்டும் சமன்படும் இடம்வரை அது உழைக்கிறது. தன் உழைப்புக்கு அது கூலி எழுதிக்கொள்வதில்லை. அதனால்தான் பெரிய பண்ணை நட்டத்தில் மூடும் இடத்திலும் அது பிழைத்துக் கிடக்கிறது. சயானவ் எழுதியது உழவரைப் பற்றி. ஆனால் மளிகைக் கடைக்கு அது அப்படியே பொருந்துவதைப் பார்க்கலாம். இந்தியாவின் விவசாயம் சாராத அமைப்புசாரா நிறுவனங்கள் 2023-24 கணக்கெடுப்பில் 7.34 கோடி. இவற்றில் மிகப் பெரும்பாலானவை கூலியாள் ஒருவரைக்கூட நிலையாக வைக்காதவை.

இந்த இரண்டு விடைகளுக்கும் பொதுவாக ஒரு குறை இருக்கிறது. கடைக்காரர் தம் வீட்டுக்குள் மட்டுமே முடிவெடுக்கிறார் என்று இரண்டுமே கருதுகின்றன. கடைக்கு வெளியே ஓடும் கடிகாரங்களை இரண்டும் பார்ப்பதில்லை. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்நாட்டு எல்லையோரம் அந்தக் கடிகாரங்களைப் பார்க்க ஏற்ற இடம். அங்கே அவை ஒன்றுக்கு இரண்டாக ஓடுகின்றன. சிறுவணிகரின் ஓய்வு தனிமனித ஒழுங்கால் கிடைப்பதன்று என்பதும், பக்கத்துக் கடையும் எதிர்க்கடையும் சேர்ந்து சாத்தும்போதே அது கைகூடும் என்பதும், அதற்கு வழி செய்த சட்டம் தளர்ந்தபோது இழப்பு அவருக்கே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. எல்லை விற்கும் சரக்கு

இந்த எல்லைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1956 நவம்பர் 1க்கு முந்தைய காலத்தில் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூர் கொச்சி அரசின் பகுதியாகவும், தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரின் பகுதிகளாகவும் இருந்து வந்தன. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவை எல்லாம் கேரளத்துக்குள் வந்தன. தேவிகுளம், பீருமேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டம் அந்த மலைகளில் நிறைவேறவில்லை. கோடு விழுந்தபின்னும் ஆட்களும் சரக்கும் கடனும் உறவும் கோட்டைத் தாண்டிப் போய்வந்துகொண்டே இருந்தன.

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியே போகிறவர் கண்ணில் முதலில் படுவது லாட்டரிக் கடைகள். கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் இந்தக் கடைகள் விற்கின்றன. குலுக்கல் பிற்பகல் 3 மணிக்கு. பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் வருபவர் அதற்குள் சீட்டு வாங்கியாக வேண்டும். விற்காத சீட்டு 3 மணிக்குப் பிறகு வெறும் காகிதம். அந்த நட்டம் விற்பவர் தலையில் விழும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சீட்டு உண்டு. ஒரு நாள் கடை சாத்துபவர் அன்றைய வரும்படியை இழப்பதோடு, வாடிக்கையாளரைப் பக்கத்து மேசைக்காரரிடம் அனுப்பிவைக்கவும் செய்கிறார்.

கள்ளும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவது சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து. பாளை சீவுபவர் மரத்தை ஒரு நாள் விட்டால் பாளை கெடும்; இறக்கிய கள் மணிக்கணக்கில் புளித்துக்கொண்டே போகும். மரத்தின் வேளைக்கு ஏறுபவரும், வண்டியின் வேளைக்கு அளப்பவரும், கடையின் வேளைக்குக் கறி சமைப்பவரும் ஒரே சங்கிலியில் கட்டுண்டவர்கள். முதலமடை மாந்தோப்புகளில் இந்தக் கட்டு பருவத்தோடு சேர்ந்து இறுகும். நாட்டின் பிற பகுதிகளுக்கு முந்திக் காய்ப்பதே அவ்வூர் மாங்காயின் விலை. அந்தச் சில வாரங்களில் தரகருக்கும் பெட்டி அடிப்பவருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் இரவு என்று தனியாக எதுவும் இருப்பதில்லை.

இடுக்கிப் பக்கம் கடிகாரம் ஜீப்பில் வருகிறது. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்புகள் விடியற்காலையில் மலை ஏறுகின்றன. வழியில் தேநீர்க் கடை வைத்திருப்பவர் ஜீப் வருவதற்கு முன்பே அடுப்புப் பற்றவைக்க வேண்டும். மாலையில் அதே ஜீப் இறங்கும்போது காய்கறியும் பலகாரமும் எடுத்துவைத்திருக்க வேண்டும். நடுப்பகலில் கடை வெறிச்சோடும். தூங்கலாமே என்று தோன்றும். ஆனால் சரக்கு ஏற்றிவரும் வண்டி வருவது அப்போதுதான். இந்த வேலைநாளை எத்தனை மணி நேரம் என்று கணக்கிடுவது? கல்லாவில் நிற்கும் நேரத்தையா, கல்லாவை விட்டு நகர முடியாத நேரத்தையா? தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தைய உழைப்பு மணிக்கணக்கில் அல்லாமல் காரியக்கணக்கில் நடந்தது என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. காரியக்கணக்கு மனிதத்தன்மை கூடியது என்ற ஏக்கம் அதில் உண்டு. போடிமெட்டுத் தேநீர்க் கடையை அந்த ஏக்கத்தோடு பார்க்க முடியவில்லை.

ஏலக்காய் விலை இதற்கு மேல் ஓடும் இன்னொரு கடிகாரம். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை விலை போனது; பின்னர் இறங்கியது. மலையில் பணம் புழங்கும் மாதமும் வறளும் மாதமும் இந்த ஏலத்தைப் பொறுத்தவை. வண்டன்மேட்டிலோ பூப்பாறையிலோ துணிக்கடை வைத்திருப்பவர் ஏலக்காய் விற்காவிட்டாலும் அதன் விலையை நாள்தோறும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

3. இரண்டு நாட்காட்டி, விடுப்பில்லாத ஆண்டு

எல்லையோரக் கடைக்கு இரு மாநிலப் பண்டிகைகளும் உரியவை என்பதைச் சலுகையாக எண்ணத் தோன்றும். நடப்பில் அது இரட்டைச் சுமை. ஓணத்துக்கு மலையாள வாடிக்கையாளர், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தமிழ் வாடிக்கையாளர். தமிழ்நாட்டை ஒட்டிய ஆறு மாவட்டங்களுக்குப் பொங்கலன்று கேரள அரசு உள்ளூர் விடுமுறை அளிக்கிறது. பாலக்காடும் இடுக்கியும் அவற்றில் அடக்கம். அது பள்ளிக்கும் அலுவலகத்துக்குமான விடுமுறை. கடைக்காரருக்கு அன்று கூட்டம்.

கார்த்திகை பிறந்தால் குமுளியில் இது உச்சம் அடையும். மண்டல, மகரவிளக்குக் காலத்தின் இரண்டு மாதங்களும் சபரிமலைக்குப் போகும் வரும் வண்டிகள் இரவு பகலாக ஊரைக் கடக்கும். நேந்திரங்காய் வறுக்கும் கடைகளின் கொப்பரை அணையாது. அது முடிந்து மூச்சுவிடுவதற்குள் மூணாறு, தேக்கடிச் சுற்றுலாவின் கோடைக்காலம் வந்துவிடும். தோட்டங்களுக்கு வார விடுப்பு ஞாயிறு. ஆகவே தோட்டக் குடியிருப்புகளான லயங்களிலிருந்து மக்கள் இறங்கிவரும் ஞாயிற்றுக்கிழமைதான் மூணாறு, வண்டிப்பெரியாறு போன்ற ஊர்களின் கடைகளுக்கு வாரத்தின் கனத்த நாள். சுற்றியுள்ளோர் ஓய்வெடுக்கும் வேளையே கடைக்காரரின் வேலை வேளை என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். இங்கே சுற்றியுள்ளோர் இரண்டு மாநிலத்தவர்.

சரி, கடைகள் ஒருபோதும் மூடுவதில்லையா? மூடியிருக்கின்றன, கடைக்காரர் கேட்டு அல்ல. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைப் பதற்றத்தில் குமுளி, கம்பம் போக்குவரத்து நின்றது. எல்லை தாண்டி வேலைக்குப் போன தொழிலாளர் தாக்கப்பட்டனர், கடைகள் அடைந்தன. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மூணாறு துண்டிக்கப்பட்டது; பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும் பருவத்தை நம்பிக் கடன் வாங்கி அறைகளைப் புதுப்பித்தவர்களுக்கு அந்தப் பருவமே இல்லாமல் போனது. 2020 மார்ச்சில் வாளையார் முதல் குமுளி வரை எல்லா வழிகளும் அடைபட்டன. இவற்றுக்கு இடையே அடிக்கடி வந்த ஹர்த்தால்கள். கதவு சாத்திய இந்த நாட்களை ஓய்வு நாட்களாக எண்ணினால் கணக்கு தவறும். வாடகையும் வட்டியும் ஓடிக்கொண்டிருக்க, சரக்கு அழுகிக்கொண்டிருக்க, எப்போது திறப்போம் என்று தெரியாமல் இருப்பது வேலையை விடக் களைப்பூட்டும். முன்கூட்டியே தெரிவதும், எல்லாருக்கும் பொதுவாக இருப்பதும், அஞ்சத் தேவையில்லாததுமான நாள்தான் ஓய்வு நாள். ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 2019 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் இட்ட ஆணை முதல் நிபந்தனையை மட்டுமே தொட்டது.

வாளையாரின் அனுபவம் வேறு வகை. வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் காத்துக் கிடந்த காலத்தில் அந்தக் காத்திருப்பே சாலையோரத் தேநீர்க் கடைக்கும் சோற்றுக் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் வாழ்வாக இருந்தது. ஓட்டுநரின் வீணான இரவு கடைக்காரரின் விழித்த இரவு. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடி முறை முடிவுக்கு வந்தது. லாரிகளுக்கு நேரம் மிச்சம். கடைக்காரருக்கு இரவுத் தூக்கம் திரும்பியது என்று சொல்லலாம். அதை அவர் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

4. பற்று நோட்டு

கடையைச் சாத்த முடியாததற்குப் போட்டியும் பருவமும் மட்டும் காரணமல்ல. தேயிலைத் தோட்டப் பகுதியில் மளிகைக் கடை பெரும்பாலும் பற்று வணிகத்தில் ஓடுகிறது. மாதம் முழுவதும் அரிசியும் பருப்பும் நோட்டில் ஏறும்; சம்பள நாளில் கணக்குத் தீரும், அல்லது ஒரு பகுதி தீரும். கடைக்காரர் தமக்குச் சரக்குத் தரும் கம்பத்து அல்லது உடுமலைப்பேட்டை மொத்தக் கடையில் தாமும் பற்று வைத்திருப்பார். இருபுறக் கடனுக்கும் நடுவே அவர் நிற்கிறார்.

இந்த ஏற்பாட்டில் கடன் வாங்கியவருக்குக் கடைக்காரர் மீது ஓர் உரிமை பிறக்கிறது. இரவு பத்து மணிக்குப் பின்கதவைத் தட்டி, “அண்ணாச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு ரொட்டிப் பாக்கெட்டு குடுங்க” என்று கேட்டால் எழுந்து வந்து கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த மாதப் பற்று வேறு நோட்டுக்குப் போகும். பழைய பாக்கி வசூலாவதும் ஐயம். வீடு கடைக்குப் பின்புறமே இருப்பதால் சாத்திய ஷட்டர் ஒரு பொருட்டே அல்ல. மேலாண்மைப் பயிற்சி எல்லை வகுக்கச் சொல்கிறது. பற்று நோட்டு எல்லையைக் கலைத்துத்தான் உயிர்வாழ்கிறது. பக்கத்தில் விலை குறைந்த பெரிய கடை வந்தபின்னும் சிறுகடை நிற்பதற்குக் கைமாற்றும் கதவுத் தட்டலுமே காரணம் என்பதால், இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

2015 செப்டம்பரில் போனசுக்காக மூணாறு வீதியில் அமர்ந்த பெம்பிளை ஒருமை என்ற தோட்டப் பெண்களின் போராட்டம் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் பேசப்படுகிறது. அந்த வீதியின் கடைகளுக்கும் அதே போனசில் பங்கு இருந்தது. தொழிலாளியின் கூலி உயராமல் கடைக்காரரின் நோட்டு தீராது. இந்த இணைப்பை வணிகர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் போதிய அளவு பேசியதாகத் தெரியவில்லை.

5. கணக்கில் வராத ஆள்

நடுப்பகலில் சரக்கெடுக்கக் கணவர் வேலந்தாவளம் சந்தைக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ போனால் கல்லாவில் யார்? பெரும்பாலும் மனைவி. அடுப்பில் குழம்பு, தொட்டிலில் குழந்தை, வாசலில் வாடிக்கையாளர் என்ற மூன்றையும் ஒரே ஆள் பார்ப்பதால்தான் ‘ஆள் வைக்காத கடை’ ஓடுகிறது. சயானவின் சமன்பாட்டில் குடும்பம் ஓர் உடம்பாகத் தெரிகிறது. அந்த உடம்புக்குள் யார் களைப்பு யாருக்கு மாறுகிறது என்பதை அது கேட்கவில்லை. அவர் மீதான பெண்ணிய விமர்சனத்தின் சாரமும் இதுவே.

இந்தியாவின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் முதன்முறையாக நாடு முழுவதும் நடந்தது, அடுத்தது 2024இல். ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் நாளுக்குச் சராசரி 299 நிமிடத்திலிருந்து 289 ஆனது. ஆண்களுடையது 97இலிருந்து 88 ஆனது. பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ்வோர், ஆணின் பங்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்ததைப் பார்க்க வேண்டும். வேலை செய்யும் இந்தியப் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ‘குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர்’ என்று தொழிலாளர் கணக்கெடுப்பில் பதிவாகின்றனர். கடைக்காரரின் மனைவி அந்தப் பட்டியலில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கணக்கெடுப்பவர் கேட்கும்போது “சும்மா வீட்ல தான் இருக்கேன்” என்று அவரே சொல்லிவிடக் கூடும்.

சட்டம் இதை விடத் தெளிவாக அவரை வெளியே நிறுத்துகிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பணியாளர் யார் என்று வரையறுக்கும் இடத்தில், முதலாளியைச் சார்ந்து உடன் வாழும் மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தோரை விலக்குகிறது. வணிகத்திலும் அலுவலகங்களிலும் வார ஓய்வு பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1957ஆம் ஆண்டு உடன்படிக்கையும் குடும்பத்தார் மட்டும் உழைக்கும் கடைகளை விலக்கிவைக்க நாடுகளுக்கு இடம் தருகிறது. ஓய்வு என்பது சுரண்டப்படுபவருக்கான பாதுகாப்பு, தன்னைத் தானே யாரும் சுரண்டிக்கொள்ள முடியாது என்பது இதன் தருக்கம். ஒரு வீட்டுக்குள் முதலாளி யார், தான் யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

6. கட்டாய மூடல்: தடையா, காப்பா?

விலக்கு இருந்தும், பழைய சட்டங்களில் ஒரு பிரிவு குடும்பக் கடைக்கும் பயன்பட்டது. ஆளுக்கு விடுப்பு என்பதோடு நில்லாமல், கடையே வாரத்தில் ஒரு நாள் மூடப்பட வேண்டும் என்றது அது. 1942ஆம் ஆண்டின் வார விடுமுறைகள் சட்டம், தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுச் சட்டம், கேரளத்தின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றிலும் இந்த எண்ணம் இருந்தது. இதைச் சிறுவணிகர் பலர் அதிகாரிகளின் தொல்லையாகவே நினைவுகூர்கிறார்கள். அந்த எரிச்சலில் நியாயம் உண்டு. ஆனால் மூடலின் பயன் தன் கதவில் தெரியாது. எதிர்க்கடையின் கதவில்தான் தெரியும். அவனும் மூடுவான் என்ற உறுதி இருந்தால்தான் நான் மூடுவேன். தனி ஒருவரின் மன உறுதியால் இந்த உறுதியை உண்டாக்க முடியாது.

2018இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்ற பெண்களுக்கு உட்காரும் உரிமை கிடைத்தது அந்தத் திருத்தத்தில்தான். கோழிக்கோட்டுப் பெண்கூட்டு அமைப்பினர் போராடிப் பெற்ற அரிய வெற்றி. அதே திருத்தம், பணியாளருக்கு வார விடுப்புத் தந்தால் கடை எல்லா நாளும் திறந்திருக்கலாம் என்றும் அனுமதித்தது. தமிழ்நாடு 2019இல் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் கடைகள் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்க அனுமதித்து ஆணையிட்டது. தொழிலாளர் கண்ணோட்டத்தில் இரண்டிலும் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஆள்மாற்றி ஆள்வைக்க முடிந்த பெரிய கடைக்கு ஏழாம் நாள் கூடுதல் வணிகம். கணவனும் மனைவியும் மட்டும் உள்ள கடைக்கு ஏழாம் நாள் என்பது அதே இருவர்.

வெளிநாடுகளும் இந்த முடிச்சைப் பலவிதமாக அவிழ்க்கப் பார்த்தன. ஜெர்மனியின் 1956ஆம் ஆண்டுக் கடை மூடல் சட்டம் எல்லாருக்கும் ஒரே நேரம் வைத்தது. 2006க்குப் பின் அதிகாரம் மாநிலங்களுக்குப் போய்ப் பெரும்பாலான இடங்களில் தளர்ந்தாலும் ஞாயிறு மூடல் பெரிதும் நிற்கிறது. இங்கிலாந்தும் வேல்சும் 1994இல் பெரிய கடைகளுக்கு மட்டும் ஞாயிறன்று ஆறு மணி நேர வரம்பிட்டு, சிறுகடைகளை விருப்பம்போல் திறக்க விட்டன. சிறுகடைக்குச் செய்த உதவி அது. உதவி வந்த வடிவம் கூடுதல் வேலை.

என் வாதத்துக்கு எதிராக வலுவான கேள்வி ஒன்று உண்டு. எல்லையில் கட்டாய மூடல் என்றைக்காவது உண்மையில் நடந்ததா? கோபாலபுரத்தில் கேரளக் கடை மூடினால் வாடிக்கையாளர் சில அடி தள்ளித் தமிழ்நாட்டுக் கடைக்குப் போகலாம். இரு சட்டங்கள், இரு ஆய்வாளர்கள், கடைக்காரரே தேர்ந்த மூடல் நாள் என்றிருக்கும்போது பொது மூடல் அங்கே ஓட்டைப் பாத்திரம்தான். இதை மறுக்க முடியாது. ஆனால் மாநில அளவில் வகுத்த விதி எல்லையில் ஒழுகுகிறது என்பதற்கு மேல் இது எதையும் மெய்ப்பிக்கவில்லை. ஊர் அளவில் வகுக்கலாமா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது.

7. சங்கங்கள் செய்யக்கூடியது

அரசு செய்தது பெரும்பாலும் முதுமைக்கானது. 2019இல் நடுவணரசு அறிவித்த சிறுவணிகர் ஓய்வூதியத் திட்டம், 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்து மாதந்தோறும் கட்டிவந்தால் 60க்குப் பின் மாதம் 3,000 ரூபாய் தரும். நாற்பதைத் தாண்டியவருக்கு அதில் இடமில்லை; நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையே உடம்பு படும் பாட்டுக்கும் அதில் விடையில்லை.

கூடி முடிவெடுக்கும் ஆற்றல் வணிகரிடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018 டிசம்பரில் கேரள வணிக அமைப்புகள் சேர்ந்து, இனி ஹர்த்தாலுக்குக் கடையடைக்க மாட்டோம் என்று அறிவித்தன. கூடித் திறக்க முடிந்தவர்கள் கூடிச் சாத்தவும் முடியும். தமிழ்நாட்டில் அதற்கு முன்மாதிரியே இருக்கிறது: மே 5 வணிகர் நாள். மாநாட்டுக்காகப் பல ஊர்களில் கடைகள் மூடப்படும் அந்த நாள், கடைக்காரர்கள் தாங்களாகவே ஒருவருக்கொருவர் அளித்துக்கொண்ட மூடல்.

எல்லையில் மட்டும் அன்றும் பாதித் தெரு திறந்திருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு சங்கம், வேறு மாநிலம், அன்று கூடுதல் வணிகம். மே 5ஐப்போல மாதத்தில் ஒரு நாளையாவது கோபாலபுரத்திலோ குமுளியிலோ இருபுறக் கடைகளும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டுமானால், கேரள வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதியின் உள்ளூர்க் கிளையும் தமிழ்நாட்டு வணிகர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். சந்தை நாள், சம்பள நாள், சபரிமலைக் காலம் எல்லாம் தவிர்த்து அந்த நாளைக் குறிக்க வேண்டும். பால், மருந்துக் கடைகளுக்கு முறை வைக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் கல்லாவில் பாதி நாள் நிற்கும் பெண்களையும் அழைத்தால், எந்த நாள் என்பதோடு அந்த நாளில் வீட்டில் சமைப்பது யார் என்பதும் பேச்சுக்கு வரும்.